கலம்

புதுக்கடைக் கோட்டில் இருபத்தாறு வருடம்
பிறர் சொன்னதைச் சொல்கிறவள் நான்.
கூட்டுவதில்லை, குறைப்பதில்லை.
கூண்டில் நிற்பவர் அழுதால்
அழுகையை மட்டும் விட்டுவிடுவேன்,
அது இரண்டு பக்கமும் விளங்கும்.

இன்றைக்கு மகரகமையில்
கிளினிக் வாங்கில் என் இலக்கம் நாற்பத்தொன்று.
டொக்டர் ஹேமாலி கதவால் தலையை நீட்டி,
மிஸ், ஒரு நிமிடம், இவவுக்குச் சிங்களம் தெரியாது.

உள்ளே புளூமெண்டால் வீதி மரியபுஷ்பம்.
சீலைத் தலைப்பின் கீழ் இடப்பக்கம்
எனக்குப் போலவே தட்டை.

வயிற்றுக் கொழுப்பை உறிஞ்சி எடுத்து
ஊசியால் நெஞ்சில் வைப்பினம் என்றேன்.
சிரித்துவிட்டாள்.
"கொழுப்புப் பிடிச்சவள் எண்டுதான்
மனுசன் விட்டிட்டுப் போனது.
இப்ப அதுக்கும் ஒரு தேவை வந்திட்டுது."

அந்தக் கொழுப்புக்குள் சில கலங்கள்.
பாடப்புத்தகத்தில் பெயர் இருந்திருக்கும்,
வாயில் வரவில்லை.
குருத்து என்றேன். குருத்துக் கலம்.
என்னவாக ஆவதென்று
இன்னும் முடிவெடுக்காத கலம்.

"கலம் எண்டா பாத்திரமெல்லோ?
துறைமுகக் கன்டீனில
நாளைக்கு நானூறு கழுவுறன்."
பிறகு, குரலைத் தணித்து:
"குருத்தெண்டா வளரும்தானே.
இது வளரேக்க அதுவும் வளராதோ?"

இதே கேள்வி இரண்டு வருடமாக
என் கைப்பையில், குளிசை அட்டையோடு.
இரவு ஒன்பதுக்கு ஒன்று, மஞ்சள் நிறம்.
தீட்டு நின்ற உடம்பில்
கொழுப்புத்தான் கள்ளமாக ஹோமோன் காய்ச்சுமாம்.
கசிப்புக் கேஸ் எத்தனை மொழிபெயர்த்திருப்பேன்!
அந்த அடுப்பை அணைக்க ஒரு குளிசை,
விரல் மூட்டு பூட்டிக்கொள்ளும்,
ஃபேனுக்குக் கீழும் நடுச்சாமத்தில் தலையணை நனையும்.
காய்ச்சிய வீட்டிலேயே இப்போது
முலை கட்டக் கல் கேட்கிறார்கள்.

கோட்டில் ஒரு விதி:
சாட்சியின் 'நான்' என் வாயிலும் 'நான்'.
அதன்படியே சிங்களத்தில் கேட்டேன்.
எனக்குப் பயமாயிருக்கிறது டொக்டர்.
இதை வைத்தால் அது எழும்புமா?

டொக்டர் அவளைப் பார்த்தார்,
என்னைப் பார்த்தார்,
பேனாவை மூடினார்.
இதுவரை பார்த்தவர்களில் கூடியதாகத் தெரியவில்லை.
இருபது வருடம் கழித்து என்னவென்று
சத்தியம் பண்ண என்னால் ஏலாது.
வைத்ததில் பாதி கரைந்தும் போகலாம்,
திரும்ப வரவேண்டியிருக்கும்.

அப்படியே சொன்னேன்.
'ஏலாது' என்ற இடத்தில்
தொண்டை கொஞ்சம் பிடித்தது, அவ்வளவுதான்.

மரியபுஷ்பம் நெடுநேரம் யோசித்தாள்.
பிறகு எழுத்துக்கூட்டி ஒப்பம் வைத்தாள்,
'ஷ்'ஷுக்கு என்னைப் பார்த்து.
கீழே சாட்சி என்றொரு கோடு.
அதில் என் பெயர்.
இருபத்தாறு வருடத்தில் முதல் தடவை.

"நீங்களும் செய்யப் போறீங்களோ, அக்கா?"

இதை நான் யாருக்கு மொழிபெயர்க்க?
வெளியே
நாற்பத்தொன்று என்று கூப்பிட்டார்கள்,
முதலில் சிங்களத்தில்,
பிறகு, பிழையான தமிழில்.