சிவப்பின் ஓரம்

சின்ச்சூவில் காற்று ஓய்வதில்லை.
வெளியே அரிசிச் சேமியாத் தட்டுகளை உலர்த்துகிற அதே காற்றை
வடிகட்டி, மறுபடி வடிகட்டி
உள்ளே விடுகிறோம்.
எங்கள் விளக்குக்கு ஒரு தூசு என்பது பாறாங்கல்.

விளக்கு என்றா சொன்னேன்?
ஒரு தலைமுடியைக் குறுக்கே நறுக்கினால் கிடைக்கும் வட்டத்தில்
இருபது விளக்குகள் இடிபடாமல் குடியிருக்கலாம்.
ஊதினால் அணையாது.
ஊதினால் பறந்துவிடும்.

நீலம் சொன்னபடி கேட்கும். பச்சையும் பரவாயில்லை.
எவ்வளவு சிறிதாக அறுத்தாலும்
முகம் சுளிக்காமல் எரிகின்றன.
சிவப்புதான்.
அறுபட்ட ஓரம் வரை ஓடிவரும் மின்சாரம்
அங்கே ஒளியாகாமல்
வெறும் சூடாகிச் செத்துப்போகிறது.
பெரிய சில்லில் ஓரம் கொஞ்சம், நடு அதிகம்.
சிறுக்கச் சிறுக்க
நடு என்று ஒன்று மிஞ்சுவதில்லை.
காயமே காயம்.

நான் ஃபான் யூ-சிங்.
மூன்று வருடமாக அந்த ஓரத்துக்கு
ஓர் அணு தடிமனில், அதன்மேல் இன்னோர் அணு தடிமனில்
கட்டுப் போடுகிறேன்.
திருமண வீடுகளில் யாராவது என்ன வேலை என்று கேட்டால்
டிவி என்று சொல்லிவிடுவேன்.

ஒரு திரைக்கு ஏறக்குறைய இரண்டரைக் கோடி.
பத்தாயிரத்துக்கு ஒன்றுதான் தவறுகிறது என்று
இயக்குநர் கோ விருந்தினர்களிடம் சொல்லும்போது
கைதட்டுகிறார்கள்.
மேரிவிக் கைதட்டுவதில்லை.
அந்த இரண்டாயிரத்து நானூற்றுச் சொச்சம் இருட்டையும்
லேசரால் சுரண்டி எடுத்து
வேறு வைப்பவள் அவள்.
பத்தாங்காஸிலிருந்து வந்தவள்.
முகமூடிக்குள் தனக்கு மட்டும் கேட்கும்படி எண்ணுவாள்:
இசா, தலாவா, தத்லோ.
நூறு தாண்டினால் ஆங்கிலம்.
ஆயிரம் தாண்டினால் மௌனம்.

வியாழன் இரவு இரண்டு நாற்பதுக்கு நிலம் ஆடியது.
பெரிதாக ஒன்றுமில்லை.
சுவருக்கு அப்பால், அலமாரிகளில் பூட்டிய கைபேசிகள்
அத்தனையும் ஒன்றாக அலறின.
நாங்கள் வெள்ளை உடையில்
கை எதிலும் படாமல் நின்றோம்.
இயந்திரத்தின் ரப்பர் முத்திரை
நாற்பதாயிரம் சிவப்பைத் தூக்கிக்கொண்டு
அந்தரத்தில் இருந்த நேரம் அது.
பிறகு, யாரும் நிறுத்தும் முன்,
பணிவாக இறக்கி வைத்தது.

நீல ஒளியைப் பாய்ச்சிப் பார்த்தோம்.
அந்த ஒளி பட்டால்
கம்பியில் சேராத சில்லும் தானாக மினுங்கும்.
சில மல்லாந்து, சில சரிந்து,
சில ஒன்றன்மேல் ஒன்று ஏறி,
கடைசி ரயில் பெட்டியில் தூங்குகிறவர்களைப் போல.
"இங்கே வா," என்றாள் மேரிவிக்.

ஒன்று பக்கவாட்டில் விழுந்திருந்தது.

மூன்று வருடத்தில் ஆயிரம் வரைபடம் பார்த்திருக்கிறேன்.
வளைகோடு ஏறியதற்காக ஒருமுறை
கழிப்பறையில் நின்று அழுதிருக்கிறேன்.
ஆனால் எல்லாச் சில்லும் முகத்தைக் காட்டித்தான் உட்காரும்.
ஓரத்தை அதுவரை
நேராகப் பார்த்ததில்லை.

எரிந்துகொண்டிருந்தது.
மங்கல்தான். ஆனாலும் விளிம்பு வரைக்கும்,
விளிம்பிலும்.

"வகை நான்கு, கவிழ்ந்தது,"
மேரிவிக் பட்டியலில் பதிந்தாள்.
விரல் பொத்தான் மேல்.
"எடுத்துவிடட்டுமா?"
"கொஞ்சம் இரு."
இருந்தாள்.
அவளுடைய மணிக்கணக்கில் பதினோரு நொடி குறைந்தது.
பிறகு நானே தலையசைத்தேன்.

காலையில் அந்தப் பலகை முழுவதையும்
கழிவு என்று கோ கையெழுத்திட்டார்.
சரிதான். நானாக இருந்தாலும் அதையே செய்திருப்பேன்.

வாயிலுக்கு வெளியே காற்று தலைக்கவசத்தைப் பிடுங்கியது.
நாற்சந்தியில் சிவப்பு.
தடித்த, பழைய, கை அகலச் சிவப்பு.
அது எப்போது பச்சையானது என்று தெரியாது.
பின்னால் நின்ற ஸ்கூட்டர்கள்
என்னைத் திட்டிக்கொண்டே விலகிப் போயின.