மீட்டர் சர்வீஸ்

வாங்கினது ரெண்டு எண்பத்தஞ்சு.
வித்தது மூணு நாற்பது.
"ஐம்பத்தஞ்சு நிக்குது" என்கிறார் ஜபருல்லா பாய்
போனில் யாரிடமோ, கொஞ்சம் சத்தமாகவே.

நிற்காது.
நோட்டு என்னிடம்தான் இருக்கிறது.

வண்டியைக் காட்டிவிட்ட புரோக்கருக்கு ஐயாயிரம்.
இடப்பக்கக் கதவின் நெளிசலைத் தட்டி, பட்டி பார்த்து
கம்பெனி பெயிண்ட் என்று சத்தியம் செய்யும் அளவுக்குப்
பளபளக்க வைத்த டில்லிபாபுவுக்குப் பதினொன்றரை.
பின்டயர் இரண்டும் ஆறாயிரத்து நானூறு,
பேட்டரி நாலாயிரத்து எண்ணூறு.
முன்னால் வைத்திருந்தவர்
அண்ணாநகர் ரவுண்டானாவில் சிக்னல் தாண்டிய பாவங்கள்
இரண்டாயிரத்து நூறு; கழுவியது நாங்கள்.
பேர் மாற்ற, ஆர்டிஓ ஏஜென்ட்டுக்கு மூன்றரை.

அப்புறம் வட்டி.
மற்ற செலவெல்லாம் பகலில் வந்து போகும்.
வட்டி மட்டும் ஷட்டர் இறக்கிய பிறகும்
இருட்டில், டிரைவர் சீட்டில்,
ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கும்.
நூற்றுக்கு ஒன்றரை, நாலு மாதம்:
பதினேழாயிரத்து நூறு.

போரூரில் மெட்ரோ தூணுக்குக் கீழே யார்டு.
காலையில் துடைத்த வெள்ளை வண்டி
மதியச் சாப்பாட்டுக்குள் சிமெண்ட் நிறமாகிவிடும்.
துடைக்கிற பையனுக்கு நாளுக்கு இருபது,
நூற்றிருபது நாள்.

ஜிஎஸ்டி?
அதைக் கேட்டால் எங்கள் யார்டில் டீ வரும்.

மிச்சம் இரண்டாயிரத்து இருநூறு.
நாலு மாதம் ஓர் ஆள் வெயிலில் நின்று
"சிங்கிள் ஓனர் சார், டாக்டர் ஓட்டின வண்டி" என்று
தொண்டை வறண்டதற்கு.

இதில் இன்னும் ஒரு வரி கழிக்கவில்லை.
மீட்டர் சர்வீஸ், எண்ணூறு.

புதுப்பேட்டையிலிருந்து லேப்டாப்போடு வந்த பையன்
டேஷ்போர்டுக்கடியில் ஒரு வயரைச் சொருகினான்.
தொண்ணூற்றெட்டாயிரம் ஓடிய வண்டி
நான் ஒரு வாழைப்பழம் உரித்துத் தின்பதற்குள்
ஐம்பத்திரண்டாயிரம் ஓடியிருந்தது.
கால்குலேட்டரில் தட்டிப் பார்த்தேன்.
அழித்த கிலோமீட்டருக்கு இரண்டு பைசாகூட ஆகவில்லை.
எங்கள் கணக்கில் இவ்வளவு மலிவாக
வேறெதுவும் கிடைத்ததில்லை.

"பானட்டுக்குள்ள ஒரு ஸ்டிக்கர் இருக்கும், பிலோமினா,
எடுத்துரு."
இருந்தது.
டைமிங் பெல்ட், அடுத்த மாற்றம், ஒரு லட்சம் கி.மீ.
நகத்தால் சுரண்டினேன். முழுசாக வந்தது.
குப்பையில் போடவில்லை, ஏனென்று தெரியவில்லை,
நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டது.

வாங்கியவர் இதயவேந்தன், குன்றத்தூரில் மருந்துக்கடை.
காலாவதித் தேதியைப் பார்த்துப் பார்த்தே
கண்ணாடி போட்டுக்கொண்டவர் போலிருந்தார்.
மீட்டரைக் குனிந்து படித்தார்,
"கம்மியாத்தான் ஓடியிருக்கு" என்றார் மனைவியிடம்.
நாலு எலுமிச்சம்பழம் டயருக்கடியில் நசுங்கின.
அந்த இருபது ரூபாய் அவருடைய செலவு.
மற்றது எப்போது வருமென்று
அவருக்கு யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.
இன்னும் இரண்டாயிரம் கிலோமீட்டர்.
பரனூர் டோல்கேட் தாண்டி ஓர் இரவாக இருக்கலாம்.
இராமலும் போகலாம்.

பத்தாம் நாள்,
படிவத்தில் இருந்த நம்பருக்குப் போன் போட்டேன்.
கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் பாய்.

"வண்டி சூப்பரும்மா! ஞாயித்துக்கிழமை திண்டிவனம் போறோம்,
மச்சினி வீட்டு வளைகாப்பு."

குரலைத் தணித்துக்கொண்டேன்.
"சார், பெல்ட்ட மட்டும் ஒருவாட்டி பாத்துக்குங்க."

"சீட் பெல்ட்டாம்மா? எல்லாரும் போட்டுக்கறோம்.
சின்னவளுக்குக்கூட சொல்லிக் குடுத்திருக்கு."

பாய் இந்தப் பக்கம் திரும்பினார்.
"நல்லதுங்க" என்றேன்.

நோட்டை விரித்தேன். மிச்சம் ஆயிரத்து நானூறு.
வெளியே ஒரு சிவப்பு வண்டி வந்து நின்றிருக்கிறது.
பாய் அதைச் சுற்றி வருகிறார்,
ஒவ்வொரு டயரையும் மெல்ல உதைத்தபடி.