விட்டுத் தைத்த கண்கள்

கறுப்புத் துணி, வெள்ளை நூல்.
முதலில் நெற்றி. நூல் அதிகம் குடிப்பது அதுதான்.
பிறகு கன்ன எலும்பு, இருபக்கமும் ஏழேழு கட்டம்.
பற்கள் கடைசியில், அவசரமாக,
ரயில் செங்காங் சேர்வதற்குள்.

கண்களை நான் தைப்பதில்லை.
அவ்வளவு இடத்தைத் தொடாமல் சுற்றிப் போனால் போதும்,
துணியே பார்க்க ஆரம்பித்துவிடும்.
மூக்கும் அப்படித்தான்:
தலைகீழ் இதயம் ஒன்றின் அளவுக்கு
ஒன்றும் செய்யாமல் இருக்கத் தெரிய வேண்டும்.

எதிரே இருந்த மாது என் மடியைப் பார்த்தார்.
பைகளோடு எழுந்து அடுத்த பெட்டிக்குப் போனார்.
ஏழாம் மாதம்.
புளோக்குகளுக்கு அடியில் ஊதுவத்தி புகைகிற நாள்கள்.
அவர்மேல் தப்பில்லை.
பக்கத்து இருக்கையில் நூல்பெட்டியை வைத்துக்கொண்டேன்.

*

அப்பா மின்பெட்டிகளில் பலகை மாட்டுகிறவர்.
நான்கு மொழியில் ஒரே மிரட்டல்,
நடுவில் ஒரு மண்டையோடு,
கீழே குறுக்காக இரண்டு எலும்பு.
ஓரம் நெளிந்த ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்து
வெடிகாப்பு அறையின் இரும்புக் கதவில் ஒட்டினார்.
உள்ளே மைலோ டின், பிஸ்கட்,
அவருடைய நான்கு கேன் பியர்.

நானாக எழுத்துக்கூட்டிப் படித்த முதல் தமிழ்ச்சொல்
அபாயம்.
அம்மா கைதட்டினாள்.
தம்பி சேரலாதனுக்கு அப்போது படிக்கத் தெரியாது;
நேரே போய் மண்டையோட்டுக்கு ஒரு முத்தம் வைத்துவிட்டு
கதவைத் திறந்தான்.

*

எரித்த மறுநாள் காலை மண்டாய்க்குப் போனோம்.
டாக்சிக்காரரிடம் தம்பி இடத்தைச் சொன்னபோது
மண்டை என்றே எனக்குக் கேட்டது.

தட்டில் அப்பா ஆறியிருந்தார்.
கையுறை போட்ட ஊழியர் பாதத்திலிருந்து தொடங்கினார்.
கால் அடியில், தலை மேலே;
கலயத்துக்குள்ளும் ஆள் நிமிர்ந்து நிற்க வேண்டுமாம்.
அது எங்கள் வழக்கமா, வேறு யாருடையதா,
கேட்கத் தோன்றவில்லை.

கடைசியாக ஒரு வளைந்த துண்டு.
உள்ளங்கையை நீட்டி நான் வாங்கினேன்.
உடைந்த முறுக்கின் கனம்கூட இல்லை.
இரண்டு வருஷம் என்னோடு பேசாதிருந்த பிடிவாதம்
இதற்குள்ளா இருந்தது?
திருப்பினேன். உட்பக்கத்தில்
ரத்தம் ஓடிய தடம், கிளை கிளையாய்,
தண்ணீர் வற்றிய ஒரு கால்வாய்.
மண்டை, ஓடு.
பிரித்துச் சொன்னால் அது கட்டளை.
ஓடியிருக்கிறது,
அறுபத்தோரு வருஷம், சொன்னபடி.

*

சனிக்கிழமைகளில் அலிவால் தெருவில் கடை.
மேசைக்கு அறுபது வெள்ளி வாடகை.
சில்லறைப் பை, சாவிக்கொத்து, காதணி,
பல்லிடுக்கில் செம்பருத்தி கடித்த ஒன்று.
"மெக்சிகோவா?" என்று கேட்கிறார்கள்.
"செங்காங்" என்கிறேன்.

பொறியியல் மாணவன் ஒருவன்
தாடை எலும்பு கோணல் என்று சொல்லிவிட்டு
அதையே வாங்கிப் போனான்.
ஒரு குழந்தை, இது ஏன் சிரிக்கிறது என்றது.
உதடு இல்லாததால் மூட முடியவில்லை என்றேன்.
அதற்கு அந்தப் பதில் போதுமாயிருந்தது.

போன வாரம் ஹஸ்லிண்டா என்றொரு பெண்,
பெரிய பை வேண்டும், மடிக்கணினிக்கு,
ஆனால் கண் வைத்துத் தாருங்கள் என்றார்,
வெறும் குழியாக இருந்தால் பயமாக இருக்கிறதாம்.
பணம் தருகிறவர் சொல்கிறார்.
பழுப்பு நூல் எடுத்தேன்.
இடது கண் முடிந்தபோது மணி பன்னிரண்டு.
வலது கண்ணின் ஓரத்தில், ஏன் என்று தெரியவில்லை,
ஒரு கட்டம் தள்ளிக் குத்திவிட்டேன்.
சற்றே ஒன்றரைக்கண்.

அதுவரை யாருமாகவும் இல்லாத ஒன்று
என்னை நிமிர்ந்து பார்த்தது,
பியர் கேன்களை எண்ணிவிட்டு
ஒன்று குறைகிறதே என்று திரும்புகிற அதே பார்வை.

பிரித்தேன். இரண்டையும். நூல் நூலாக.
ஊசி போன துளைகள் மட்டும் நிற்கின்றன.
தண்ணீர் தெளித்து இஸ்திரி போட்டால் மூடிக்கொள்ளும்.
போடவில்லை.
விளக்குக்கு நேரே பிடித்தால்
கறுப்பில் பொடிப்பொடியாக வெளிச்சம் வருகிறது.

ஹஸ்லிண்டாவுக்கு ஒரு பூனை தைத்துக் கொடுத்தேன்.
அதற்குக் கண் உண்டு.
பத்து வெள்ளி குறைத்துக்கொண்டேன்.