ஆள் எடுப்பு

கொளத்தூரில் ஞாயிற்றுக்கிழமை
மீன் பைகளுக்கும் கிளிக் கூண்டுகளுக்கும் நடுவே
இக்னேஷியஸ் கடையில் நின்று
பீ அள்ள ஆள் தேடிக்கொண்டிருந்தேன்,
என் பல்லிக்கு.

சிறுத்தைப் புள்ளி போட்ட பல்லி.
சுவரேறத் தெரியாது.
இமை உண்டு, தூங்கும்போது மூடும்.
யார் தலையிலும் விழாது என்பதால்
பலன் பார்க்க வழியில்லையே என்று
எதிர்வீட்டு சகுந்தலாம்மாவுக்கு வருத்தம்.
எண்ணூர் கன்டெய்னர் யார்டில் நான் கணக்கெழுதும் இரவெல்லாம்
தண்டையார்பேட்டை ஹவுசிங் போர்டு மூன்றாம் மாடியில்
அதுவும் விழித்திருக்கும்.
எப்போதும் ஒரே மூலையில்தான் போகும்.
அந்த ஒழுக்கம் எங்கள் பிளாக் படிக்கட்டில்
ஒருவருக்கும் இல்லை.

டப்பா டப்பாவாகத் திறந்து காட்டினார் இக்னேஷியஸ்.
மரவட்டை சாதுதான்,
சீண்டினால் அது கக்கும் சாறு பல்லிக்கு ஆகாது.
மண்புழு, மணலும் களிமண்ணும் கலந்த காய்ந்த தரையில்
இரண்டு நாள் தாங்காது.
கருவண்டு, புழுவாய் இருக்கும்வரை தீனி,
வண்டானால் வேலைக்காரன்,
பசி வந்தால் தூங்கும் முதலாளியின்
விரலைக் கடித்துப் பார்ப்பான்.
கரப்பான் என்றார்.
பேச்சை மாற்றினேன்.

கடைசி டப்பாவில்
சாம்பல் முதுகு, பட்டை பட்டையாய்.
தொட்டதும் உருண்டு மிளகானது.
தமிழில் என்ன பேர் என்றேன்.
"ஐசோபாட்" என்றார்.
கொஞ்சம் யோசித்து,
"நம்ம எறாலுக்குச் சொந்தம் சார்.
கரையேறி எத்தினியோ காலமாச்சு,
இன்னும் செவுள் மாதிரி ஒண்ணுலதான் மூச்சு."

இருபது வாங்கினேன்.
கூடவே பூஞ்சை தின்ன,
கரித்துண்டின்மேல் தத்தும் வெள்ளைப் புள்ளிகள் ஒரு டப்பா.
அவற்றை எண்ண முடியாது,
உப்பு தூவுவதுபோல் தட்டிவிட வேண்டும்.
"சம்பளம் கேக்காது, லீவு கேக்காது,"
சில்லறை கொடுத்தபடி சிரித்தார்.
நான் சிரித்தேனா என்று நினைவில்லை.

மதியம் இரண்டுக்கு அமுலு வந்தாள், தங்கை.
விடியுமுன் மஸ்டரில் பேர் கொடுத்து
கும்மாளம்மன் கோயில் தெருவைக் கூட்டி முடித்தவள்
பச்சைக் கோட்டைக் கதவில் மாட்டிவிட்டு
பெட்டிமுன் குந்தினாள்.

"இதோடத எல்லாம் இதுங்களா அள்ளும்?"
ஆமாம் என்றேன்.
"குடிக்க?"
தண்ணீர்க் கிண்ணத்தைக் காட்டினேன். பல்லியுடையது.
"ஒதுங்க?"
நான் வெப்ப விளக்கைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன்,
பல்லிக்கு எத்தனை டிகிரி, எத்தனை மணி நேரம்.
அவள் விளக்கைப் பார்க்கவில்லை.

"சூடு அந்தாண்ட இருக்கட்டும்.
இந்தாண்ட ஒரு ஓரம் எப்பவும் ஈரமா வை,
மேல எதுனா மூடு.
நாள் பூரா வெயில்ல நிக்கவெச்சா
எவன்டா வேலை செய்வான்."

மறுநாள் அவள் பையில்
பாதாம் மரத்துச் சருகு,
குவியலில் மேலாக, சாக்கடை படாததாகப் பொறுக்கியது.
ஒரு தேங்காய் மட்டை.
காசிமேட்டில் கரையொதுங்கிய கணவாய் ஓடு ஒன்று.
சருகைக் கொதிக்கவைத்துக் காயப்போட்டோம்.
ஓட்டை நசுக்கிப் பாதி பல்லிக்கு, எலும்புக்காக.
பாதி அதுகளுக்கு, முதுகுக்காக.

இப்போது காலை ஏழுக்கு நான் திரும்பும்போது
மூலையில் ஒன்றும் இருப்பதில்லை.
பல்லி நடுநடுவே சிலரைத் தின்கிறது.
அமுலுவிடம் நான் சொல்லவில்லை.
ஞாயிறுதோறும் டார்ச்சோடு மட்டையைத் தூக்கி
அவள் மஸ்டர் எடுக்கிறாள்,
அவளுக்குத் தெரியாமலா.

"பதினாலு" என்றாள் போன வாரம்.
பிறகு டார்ச்சைக் கிட்டே கொண்டுபோய்,
"இரு, இரு.
அடியில பொடிப்பொடியா வெள்ளையா
என்னமோ நவுருது."

கணக்கில் சேர்ப்பதா என்று
என்னைக் கேட்கவில்லை.
மட்டையை ஒரு பக்கமாகச் சாய்த்து
யாரும் நசுங்காமல் வைத்துவிட்டு
கை கழுவப் போனாள்.