ஒரு கன்னம்

புத்தூர் காயலான் கடையில்
எடைக்குப் போகாமல் தப்பிக் கிடந்தது,
தந்த நிறக் கைப்பிடிக்குள் மடங்கிய
சவரக்கத்தி.
முந்நூறு கேட்டான், இருநூற்றைம்பது கொடுத்தேன்.
கத்தி வாங்குவது சுலபம்.
எனக்கொரு கல் வேண்டுமென்று
அது சொல்லாது.

நகரி கடைத்தெருவில் மஸ்தானய்யா கேட்டார்,
"அரிவாளுக்கா?"
"சவரத்துக்கு."
என் கழுத்தை ஒருதரம் பார்த்தார்.
பழுப்பில் ஒன்றை எடுத்துத் தட்டி வைத்தார்.
அவருக்கு சானராயி, எனக்கு சாணைக்கல்.
நடுவில் ஒரு செக்போஸ்ட் தூரம்தான்.

அரிவாள் கல்
கத்தியையும் அரிவாளென்றே நினைத்தது.
வெளிச்சத்தில் பிடித்தால்
விளிம்பு நெடுகப் பல்.

அப்புறம்தான் விசாரித்தேன்.
கல்லுக்கு எண் உண்டாம்.
எண் ஏற ஏறத் துகள் சன்னமாகும்.
ஆயிரத்தில் கூர் பிறக்கும்.
நாலாயிரத்தில் அதைக் குளிப்பாட்டலாம்.
எண்ணாயிரத்தில் பொட்டு வைக்கலாம்.
நான் கண்டக்டர்,
ஸ்டேஜ் ஸ்டேஜாய்த்தான் ஊர் வருமென்று தெரிந்தவன்.
தெரிந்தும் எண்ணாயிரத்தை முதலில் வாங்கினேன்,
திருத்தணியில் ஏறிய கையோடு
திருப்பதியில் இறங்கப் பார்க்கிறவன் மாதிரி.

அந்தக் கல் நன்றாகத்தான் பளபளப்பாக்கியது,
பல்லை.

அடுத்த சம்பளத்தில் ஆயிரம்.
ஊறவைத்தால் குமிழி விட்டுத் தண்ணீர் குடித்தது.
பத்து நாளில் நடுவில் பள்ளம் விழுந்தது.
கடப்பைக் கல் துண்டொன்றில் உப்புத்தாள் விரித்து
கல்லையே தேய்த்துக்கொண்டிருந்தேன்.
ரேணுகா வந்து நின்றாள்.
"கத்தியத் தீட்ட கல்லு.
கல்லத் தீட்ட இன்னொரு கல்லு.
அதை எதுல தீட்டுவ?"
பதில் இன்னும் வரவில்லை.
வீட்டு அரிவாள்மனை மட்டும்
அந்த மாதம் இரண்டுதரம் அவள் விரலைத் தொட்டது.

முதுகும் விளிம்பும் ஒருசேரப் படியவேண்டும்.
விரலின் கனம் போதும், கையின் கனம் கூடாது.
கூட்டத்தைப் பிளந்து முன்னேறிப் பழகிய தோளுக்கு
இது எட்ட மூன்று மாதம்.

மூன்று மாதமும் தாடி வளர்ந்தது.
கடை பிளேடு பட்டாலே
கன்னம் கொப்புளித்துப்போகும் எனக்கு.
கத்தி தயாராகட்டும் என்று விட்டிருந்தேன்.
இந்த ரூட்டில் தாடிக்கு
ஒரே ஒரு அர்த்தம்தான்.
"எப்ப சாமி முடி இறக்குறீங்க?"
சில்லறை பாக்கி வைத்தால்கூட
சண்டை போடுவதில்லை.

பொதட்டூர்ப்பேட்டைக்காரி ஒருத்தி
மடியில் அனலாய்க் கொதிக்கும் பிள்ளையோடு
மலைக்கென்று எடுத்த டிக்கெட்டை மடக்கிக்கொண்டு
நகரி ஆஸ்பத்திரி வாசலில் இறங்கினாள்.
இறங்குமுன் என் கையில் ஒரு முடிச்சு,
மஞ்சள் துணியில் பதினோரு ரூபாய்.
"நீங்க எப்படியும் போவீங்க இல்ல,
உண்டியல்ல போட்டுடுங்கண்ணா."
அம்மா, என் பஸ் மலை ஏறாது,
என் தாடிக்கும் சாமிக்கும் சம்பந்தமில்லை,
இது ஒரு கல் சமாசாரம்.
சொல்ல வாயெடுத்தேன்.
வாயில் விசில் இருந்தது.
இரண்டுதரம் ஊதினேன்.

நேற்று ராத்திரி
முன்கை மயிர் சத்தமில்லாமல் விழுந்தது.
பழைய பெல்ட்டில் இருபது இழுப்பு.
நுரை பூசினேன்.
இடது கன்னத்தில்
கத்தி வைத்ததே தெரியவில்லை.
எரிச்சல் இல்லை, ஒரு சொட்டு ரத்தமில்லை.
பல நாளாய்த் தீட்டியதற்கு
ரேணுகாவைக் கூப்பிட்டுக் காட்டியிருக்க வேண்டும்.

கண்ணாடிக்குக் கீழே
ஆயிரத்துக்கும் எண்ணாயிரத்துக்கும் நடுவில்
மஞ்சள் முடிச்சு.
அந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டதா,
கேட்க ஒரு பேர்கூடத் தெரியாது.

ஆறு பத்துக்கு வண்டி எடுக்க வேண்டும்.
கத்தியை அலசித் துடைத்து
மறுபடி எடுத்து
மறுபடி வைத்தேன்.
வலது கன்னத்தில்
நுரை காய்ந்துகொண்டிருக்கிறது.