டார்ச் பிடித்தவள்

கவுஞ்சி கூட்டுறவுக் கிடங்கில்
கிழங்கு மூட்டைகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு
முப்பது நாற்காலி போட்டிருந்தார்கள்.
நான் முப்பத்தோராவது ஆள்.
மூட்டை மேல் உட்கார்ந்தேன்.

ரேஞ்சர் செல்வின் வரைவு விதியைப் படித்தார்.
காட்டெல்லை தாண்டி இத்தனை கிலோமீட்டர் வந்த பன்றியைத்தான் சுடலாம்.
இலாகா ஆள் கூட நிற்க வேண்டும்.
சுட்டதைத் தின்னக் கூடாது, விற்கக் கூடாது,
குழி வெட்டி, மண்ணெண்ணெய் ஊற்றிப் புதைக்க வேண்டும்.
தை தொடங்கிச் சித்திரை முடிய
ஒரு தோட்டாவும் வெடிக்கக் கூடாது.
குட்டி போடும் காலம்.

"ரேஷன்ல மண்ணெண்ணெயைப் பார்த்து வருசமாச்சு.
அதுக்கும் ஒரு விதி போடுங்க சார்" என்றான் குப்பாண்டி.
சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது.

வெள்ளைக்கண்ணு எழுந்தார்.
"மண்ணுக்குள்ள கிழங்கு, பன்னி வயித்துல குட்டி,
ரெண்டும் ஒண்ணாத்தான் பருக்கும்.
எதை நாங்க தள்ளிப் போடுறது?"

எல்லையை அளப்பது யார் என்று ஒரு சண்டை.
கயிறா, போனா, சர்வேயரா.
கேரட் பாத்தியில் மேல்பாதி பன்றிக்கு,
கீழ்ப்பாதி எனக்கா என்றான் தவமணி.
ஒரு பக்கம் பழைய லைசென்ஸ்காரர்கள்,
தேர்தலுக்குத் தேர்தல் ஸ்டேஷனில் ஒப்படைத்துத்
துருவோடு திரும்ப வாங்கியவர்கள்.
லைசென்ஸ் இல்லாத இளவட்டம் இன்னொரு பக்கம்.
சுருக்குக் கம்பியைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.
நடைபாதைச் சாணியைச் சுற்றிப் போவதுபோல
பேச்சு அதைச் சுற்றிப் போனது.

கடைசியில் எல்லாரும் ஒன்று சேர்ந்தது ஒரே கேள்வியில்:
ராத்திரி ரெண்டு மணிக்கு, மஞ்சு இறங்கின தோட்டத்தில்,
எது சினை, எது ஒத்தை என்று
எவன் கண்டுபிடிப்பான்?
முடியவே முடியாது என்றார்கள்.
ரேஞ்சரும் பேனாவை மூடினார்.

என் மடியில் மஞ்சள் பை.
உள்ளே அவருடைய லைசென்ஸ் புத்தகம், ஒற்றைக்குழலுக்கு உள்ளது,
பேர் மாற்ற நாலு தடவை திண்டுக்கல் போய்த் திரும்பியது.
பொம்பளைக்கு எதுக்கும்மா என்ற கிளார்க்கிடம்
பன்னி ஆம்பளை தோட்டத்தை மட்டுமா தோண்டுது என்றேன்.

பதினேழு வருசம் சுட்டது அவர்.
டார்ச் பிடித்தது நான்.
சுடுகிறவருக்குத் தெரிவது
குழல் முனையும் அதற்கப்பால் ஒரு கறுப்பும்.
மீதி எல்லாம் விளக்குப் பிடிக்கிறவளுக்குத் தெரியும்.
அடிவயிறு புல்லை உரசுவது.
பின்னாலேயே வரிவரியாய்
வெள்ளரிப் பிஞ்சுக்குக் கால் முளைத்தாற்போல் குட்டிகள்.

அப்போதெல்லாம் என் கட்டைவிரல்
பொத்தானைவிட்டு நழுவும்.
ஒரு நொடி போதும்.
புதர் மூடிக்கொள்ளும் சத்தம் கேட்கும்.
செல் தீர்ந்துபோச்சு என்பேன்.
அவர் கடைக்காரனைத் திட்டுவார்.
மூன்று கம்பெனி மாற்றிப் பார்த்தார்.
சாகிற வருசம் கொடைக்கானல் போய்
ஆயிரத்து இருநூறுக்குச் சார்ஜ் லைட் வாங்கி வந்தார்.
அதுவும் தை மாசத்தில் மக்கர் செய்தது.

புண்ணியம் என்று சொல்ல மாட்டேன்.
அந்தக் குட்டிகள் பெருத்துத்தான்
மறுவருசம் எங்கள் கிழங்கைத் தின்றன.
விதைக் கடனுக்கு அடகு போனது
என் வளையல்.
அவரிடம் சொல்லியிருக்கலாம்.
சொல்லவில்லை.

வேற யாராவது பேசணுமா என்றார் ரேஞ்சர்.
நான் எழுந்தேன். மூட்டை சரிந்தது.
"லைட் பிடிக்கிற ஆளுக்கு
விதியில ஏதாச்சும் எழுதியிருக்கா?"
முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தார்.
இல்லைம்மா என்றார்.
"இல்லாமலே இருக்கட்டும்."

சிரித்தார்கள். டீ வந்துவிட்டது.
குப்பாண்டி மட்டும்
தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு
என்னையே பார்த்தான்.
போன பங்குனியில் அவன் பெண்டாட்டியும்
செல் சரியில்லை என்றாளாம்.