ஈரக் கழிவு

பெயர் வைக்கத் தெரியாதவர்கள்
எங்கள் பதினான்கு எடைமேடைகளிலும் இருக்கிறார்கள்.
“இலை புதுசு.” “இலை புதுசு கடைசி.”
“இலை நிஜமாவே கடைசி 2.”
சாயங்காலமானால் இவை
கோத்தகிரி ஃபேக்டரி ஆபீசுக்கு வந்து சேரும்,
சேராமலும் போகும்.
தேதியும் மேடை எண்ணும் போட்டுப் பெயர் மாற்றுவது என் வேலை.
ராத்திரி எட்டு வரை.
கட்டபெட்டு கடைசி பஸ் எனக்காக நிற்காது.

அதற்காகத்தான் எழுதினேன், வேறு லட்சியமில்லை.
ஒன்பது வரி.
‘இந்த ஃபோல்டரில் உள்ள ஒவ்வொன்றுக்கும்’ என்று தொடங்கி
‘ஆயிற்று’ என்று முடியும்.
முதல் நாளே கவிழ்ந்தது.
‘இலை’யைத் தேடிப்போய் இல்லை என்றது,
‘புதுசை’த் தேடிப்போய் இல்லை என்றது.
பெயருக்குள் ஓர் இடைவெளி விட்டால்
ஷெல்லுக்கு அது இரண்டு ஆள்.
இரண்டு பக்கமும் மேற்கோள் குறி நட்டேன்.
அதற்குள் ஒரு செவ்வாய்க்கிழமை முழுவதும்
இன்னொரு செவ்வாய்க்கிழமையின் மேல் விழுந்து அழிந்திருந்தது.
கார்பன் தாளைப் பார்த்து மறுபடி அடித்தேன்.
“கம்ப்யூட்டர்ல கை வலிக்காதுன்னாங்க?” என்றார்
ஃபிட்டர் தர்மசீலன்.

அடுத்தது லைன்.
மூடுபனி இறங்கினால் டவர் மட்டுமா,
டவர் நிற்கிற மலையே இருப்பதில்லை.
குரல் கொடு.
பதில் இல்லையா, முந்நூறு நொடி தூங்கு.
எழுந்து திரும்பக் கொடு.
மனுஷர்களிடம் நான் இப்படிப் பொறுமையாக இருந்ததில்லை.
காலையில் பதிவைத் திறந்தால்
அரவேணு 1.10 பதில் இல்லை
அரவேணு 1.15 பதில் இல்லை
அரவேணு 1.20
அப்படியே போய், 4.35க்கு
ஒரே மூச்சில் நாலு நாள் இலை.

மழைமானியைக் காலை எட்டரைக்குப் பார்த்து எழுதுவார்கள்.
அதுவும் ஒரு ஃபைல்.
மானேஜர் வரைபடம் கேட்டார், வருகிறவர்களுக்குக் காட்ட.
மழைக்கும் இலைக்கும் தேதி பொதுதானே,
தேதியில் வைத்து இரண்டையும் தைத்தேன்.
வரைபடம் அழகாக வந்தது. லேமினேட் செய்து மாட்டினார்கள்.

நான்தான் ஒரு பத்தியில் நின்றுவிட்டேன்.
ஈரக் கழிவு: மூட்டைக்கு மூன்று கிலோ.
மழை: பூஜ்யம்.
கண்ணின் தப்பாக இருக்கும் என்று கிரெப் போட்டேன்.
மேடை ஏழு. மாசி மாதம் மட்டும்
நூற்று முப்பத்தேழு மூட்டை,
நானூற்றுப் பதினொரு கிலோ.
பனி ஈரமாக இருக்கலாமே, என்று
ஏழாம் எண்ணுக்காக நானே வாதாடினேன்.
எடை போட்ட நேரமும் ஃபைலில் இருந்தது:
மதியம் இரண்டு நாற்பது.

ஒரு வரி சேர்த்தேன்.
காலை ஒன்பதுக்கு அந்தந்த மேடை பிரிண்டரில் வரும் சீட்டில்
கழிவுக்குக் கீழே மழையளவையும் அச்சிடு.
யாரையும் எதுவும் சொல்லாத வரி.
சேர்த்த கையோடு அதன் முன்னால்
#
வைத்தேன்.
காட்டெருமைக்குப் பயந்து தோட்டத்தில் வைக்கும் படல் மாதிரி,
குறுக்கே இரண்டு குச்சி, நெடுக்கே இரண்டு குச்சி.
படலுக்குப் பின்னால் வரி இருக்கும்,
வேலை செய்யாது.
என்னைப் போல என்று எழுத வந்தேன், விடுங்கள்.
ஏழாம் மேடை யாருடைய மச்சானுடையது என்பது
ஆபீசுக்கே தெரியும்.

பதினொரு நாள்.

நேற்று ஜன்னலுக்குள் ஒரு கை, கையில் சீட்டு.
மாதி. முக்கால் ஏக்கர்.
“எடுத்தா சலசலங்கும் எங்க இலை.
அன்னிக்கு வெயில்னு இதுல எங்கயாச்சும் போட்டிருக்கா?”
இல்லை என்றேன்.
உண்மை. எங்கேயும் போட்டிருக்கவில்லை.

இன்று எட்டு ஐம்பது.
கர்சரை அந்த வரியின் தலைமாட்டுக்குக் கொண்டுபோய்
டெலீட், ஒரு தட்டு.
சேமித்தேன்.
பனி ஆபீஸ் வாசல் சில்வர் ஓக் வரை வந்துவிட்டது.
மேடைகள் இருக்கின்றனவா என்று
ஒவ்வொன்றாகக் குரல் கொடுத்தேன்.
ஐந்து: பதில் இல்லை.
ஆறு: பதில் இல்லை.
ஏழு: பதில்,
நாற்பத்திரண்டு மில்லி செகண்ட்.